பாக்கி 2,400 ரூபாய்

கண்ணாடி உடைந்ததற்குக் காரணம் நான்தான். ஓனரிடம் சொன்னது வேறு கதை.

அண்ணா நகரில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் என் ஆடிட்டிங் ஆபீஸ். மேற்குப் பக்கச் சுவர் முக்கால்வாசி கண்ணாடி, அதுவும் பச்சை நிறக் கலர் கண்ணாடி. கட்டியவர் கண்ணுக்கு அது அழகு. உள்ளே உட்காருகிறவனுக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல் அடுப்படி. சென்னையில் ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த வெயில் மொட்டை மாடியின் பாடு. ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காருவது சாய்ந்து விழும் காலை வெயிலும் மாலை வெயிலும்தான். மார்ச்சிலேயே ஏ.சி. திணற ஆரம்பித்ததும், ஃபிலிம் ஒட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முழுக்கக் கார் சாமான் கடைகள். அதில் ஒரு கடையில் வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் ஒட்டும் ஃபிலிம் வைத்திருந்தார்கள். ஒரு பெட்டிக்குள் சிவப்பாக எரியும் விளக்கு, அதன் முன்னால் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள். கடையில் ஒட்டுகிற தம்பி என் கையைப் பெட்டி முன் வைக்கச் சொன்னான். கன்னங்கரேல் என்றிருந்த துண்டுக்குப் பின்னால் சூடு நன்றாகவே தெரிந்தது. ஏறக்குறைய நிறமே இல்லாத செராமிக் ஃபிலிமுக்குப் பின்னால் சூடு உறைக்கவே இல்லை.

சொந்தக் கை சொன்னதை நம்பாத முட்டாள் நான். செராமிக் சதுர அடி 150 ரூபாய், கறுப்பு 45 ரூபாய். விலை அதிகமானதை விற்பதற்கு வித்தை காட்டுகிறான் என்று நினைத்தேன். அந்தப் பெட்டி முழு உண்மையும் சொல்லாது என்பதும் சரிதான். அதில் எரிவது பெரும்பாலும் அகச்சிவப்பு. வெயிலிலோ ஏறத்தாழ பாதிதான் அகச்சிவப்பு. மீதியில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியும் ஒளி, கொஞ்சம் புற ஊதா. ஆகவே பெட்டி காட்டும் அதிசயம் ஜன்னலில் அப்படியே கிடைக்காது. மொத்த வெயில் சக்தியில் எத்தனை சதவீதத்தை ஃபிலிம் தடுக்கிறது என்று ஒரு கணக்கு உண்டு. விவரச் சீட்டில் டி.எஸ்.இ.ஆர். என்று போட்டிருப்பார்கள். கேட்க வேண்டியது அதைத்தான். பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டியே பிழைப்பவன், ஒரு பக்கச் சீட்டைப் படிக்கவில்லை.

படிக்காததற்கு நான் வைத்திருந்த காரணத்தை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கறுப்பு ஃபிலிமுக்கு அவ்வளவு சக்தி இல்லை என்றால் 2012-இல் உச்ச நீதிமன்றம் கார்களில் அதைத் தடை செய்திருக்குமா என்று அந்தத் தம்பியிடம் மடக்கிக் கேட்டேன். அந்தத் தடை காருக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக வந்தது. குளிர்ச்சிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவன் சிரிக்கவில்லை. அது அவன் பெருந்தன்மை.

ஒட்ட வந்த அன்று அவன் வேறொன்று சொன்னான். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான், ஃபிரேமுக்குள் விரல் விட்டுப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி, "சார், இது ஏற்கெனவே கலர் கண்ணாடி. இதுமேல உள்பக்கமா இவ்ளோ டார்க் ஒட்டினா சூட்டை இழுத்து வச்சுக்கும். விட்டுரும் சார். லைட் கலராவது போடுங்க" என்றான்.

"சொன்னதை ஒட்டுப்பா" என்றேன்.

சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் கட்டையால் தள்ளித் தள்ளி, ஒரு குமிழி இல்லாமல் ஒட்டினான். 120 சதுர அடி, 5,400 ரூபாய். 3,000 கொடுத்தேன். ஒரு மாதத்தில் ஈரம் முழுக்கக் காய்ந்ததும் வந்து பார்த்துவிட்டு மீதி வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். மேலே இருந்த இரண்டு மாடிகளுக்கும் ஒட்டித் தரச் சொல்லி ஓனரும் அன்றே அவனிடம் பேசினார்.

ஆபீஸ் இருட்டானது. பகலிலேயே எல்லா டியூப் லைட்டும் எரிந்தன. கண்ணாடியைத் தொட்டால் தோசைக்கல். கறுப்பு வெயிலைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கி வைத்துக்கொண்டு, அதில் ஒரு பங்கை அறைக்குள்ளேயே கக்கியது. ஆனாலும் வந்தவர்களிடமெல்லாம் "எவ்ளோ கூல் பாருங்க" என்றேன். சிலர் தலையாட்டினார்கள்.

வீட்டு ஹாலுக்கும் அதே சமயம் கண்ணாடி போல் மின்னும் ஃபிலிம் ஒன்றை ஒட்டியிருந்தேன், வெளியே இருந்து பார்த்தால் உள்ளே தெரியாது என்று. பகலில் தெரியாதுதான். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் நிற்பவனுக்கு அது கண்ணாடி. இரவில் விளக்கைப் போட்டதும் கதை தலைகீழ். எதிர் பிளாட்காரர் ஒருநாள் லிஃப்டில், "நேத்து மேட்ச்ல நீங்க எழுந்து குதிச்சப்பதான் நானும் குதிச்சேன் சார்" என்றார். நான் பனியனோடு குதித்தவன். திரைச்சீலை வாங்கினோம். இது அசட்டுத்தனம், அவ்வளவுதான். ஆபீஸில் செய்தது அப்படியல்ல.

ஏப்ரல் மூன்றாவது வாரம், ஒரு மாலை நாலு மணிக்கு 'டப்' என்று ஒரு சத்தம். பெரிய கண்ணாடி ஒன்று கீழ் ஓரத்தில் தொடங்கி மேல்வரை விட்டிருந்தது. ஓனர் வந்து பார்த்து முகம் சுளித்தார். அட்வான்ஸில் கழித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். "ஒட்ட வந்த பையன் பிளேடால கீறிட்டான் போல சார்" என்று வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய்யல்ல. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நிறைய நேரம் இருந்தது.

மாற்றுக் கண்ணாடி போட வந்த பெரியவர் விரிசலை ஒரு நிமிடம் பார்த்தார். "அடி பட்டிருந்தா சிலந்தி வலை மாதிரி தெறிச்சிருக்கும். இது ஓரத்துல நேரா கிளம்பி, போகப் போக வளையுது. நடுவுல சூடு, ஃபிரேமுக்குள்ள ஓரம் குளிர்ச்சி. இழுத்து விட்டிருச்சு" என்றார். ஓனர் மாடிப்படியில் ஏறி வரும் சத்தம் கேட்டது. "ஐயா, அதையெல்லாம் அவர்கிட்ட சொல்ல வேண்டாம்" என்றேன். பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் அளவெடுத்தார்.

தம்பி பாக்கிக்குப் போன் செய்தபோது, "கண்ணாடி உடைஞ்சிருக்கு, பணம் எங்கே கேக்கறே?" என்றேன். "ஓரத்துல இருந்தா விட்டுச்சு சார்?" என்று மட்டும் கேட்டான். நான் போனை வைத்துவிட்டேன். இரண்டு மாடி வேலையையும் ஓனர் அவனுக்குக் கொடுக்கவில்லை.

போன மாதம் அவன் நம்பருக்கு 2,400 ரூபாய் அனுப்பினேன். வந்து சேர்ந்ததாக ஒரு வரி போட்டான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஓனரிடம் இன்னும் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வாடகை கொடுக்க மாடி ஏறுகிறேன். இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் வெயிலுக்காக மேற்கு ஜன்னல்களில் பழைய நியூஸ் பேப்பர் ஒட்டி வைத்திருக்கிறார்கள், பழுத்து மஞ்சளாகிவிட்டது.