அம்மா குடித்த வெள்ளை மருந்து

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்க்கவில்லை. என் அம்மா ஓராண்டாகச் சோற்றை ரசத்தில் கரைத்துக் குடித்துவந்தார். கேட்டால், "பல்லு இல்லப்பா" என்பார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்த பிறகே எனக்கு உறைத்தது.

கிளினிக்கில் எடுத்த நெஞ்சுப் படத்தில் ஒன்றுமில்லை. ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். "புற்றுநோயாக இருக்குமோ" என்று அண்டை வீட்டார் பேசியது அம்மா காதிலும் விழுந்துவிட்டது. அன்றிரவே நகைகளை எங்கள் மூவருக்கும் மூன்று முடிச்சாகக் கட்டி வைத்தார்.

ஈப்போவில் எடுத்தது வேறு மாதிரி எக்ஸ்ரே. சாதாரண எக்ஸ்ரே போட்டோ என்றால் இது சினிமா. உடம்புக்குள் நடப்பது நடக்கிறபோதே திரையில் ஓடுகிறது. அதற்காக பேரியம் என்ற வெள்ளை மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். அம்மா கோப்பையைப் பார்த்து, "இது மரத்துப் பால் மாதிரியில்ல இருக்கு!" என்றார். மருத்துவர் சிரித்துவிட்டார்.

கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்தேன். கோப்பையில் வெள்ளையாயிருந்தது திரையில் கறுப்பாக இறங்கி, இரைப்பைக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. விரிந்த குழாயின் முனை மட்டும் கிளிமூக்காகக் கூம்பியிருந்தது. அதன் வழியே நூல்போலச் சிறிது கசிந்தது. உணவுக்குழாயின் கீழ்வாசல் இளகித் திறக்கவில்லையாம். கட்டி ஏதுமில்லை என்பதைக் குழாய்விட்டுப் பார்த்து உறுதிசெய்தார்கள். பிறகு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே பலூன் வைத்து வாசலை விரித்தார்கள்.

"கதிர் பட்டால் ஆபத்து" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. ரோண்ட்கன் 1895-இல் இக்கதிரைக் கண்டுபிடித்த ஓரிரு ஆண்டிலேயே நம் தைப்பிங் ஆஸ்பத்திரிக்குக் கருவி வந்துவிட்டது. அப்போது அதன் கெடுதல் முழுதாகத் தெரியாது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கையைக் கதிரில் காட்டிக் காட்டியே புண்ணாகி 1904-இல் மாண்டார். பின்னாளில் மருத்துவர்கள் சிவப்புக் கண்ணாடி அணிந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு இருட்டறையில் மங்கலான திரையைப் பார்த்தார்கள். இப்போது காலால் மிதிக்கும்போது மட்டுமே கதிர் வருகிறது. பணியாளர்கள் ஈய அங்கி போட்டுக்கொள்கிறார்கள். கர்ப்பிணிகள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருந்து குடித்தபின் ஓரிரு நாள் மலம் வெள்ளையாகப் போகும். பயப்படாமல் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இப்போது அம்மா தோசை சாப்பிடுகிறார். நகை முடிச்சுகளைப் பற்றி என் தங்கை மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"அதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்றார்.