காரைக்கால் பெஞ்சில் ஒரு கோர்ட்

நாகூரைத் தாண்டி வாஞ்சூர் வந்தாலே ஒயின் ஷாப் போர்டுகள் 'வாங்க, வாங்க' என்கும். பஸ் பாதி காலி! நான் காரைக்கால் வரை போனது கடற்கரைக்காக. (நம்புங்கள் சார்!)

அரசலாறு கடலில் கலக்கிற பக்கம் ஒரு பெஞ்ச். மூன்று பெரியவர்கள், ஒரு பொட்டலம் சுண்டல், நடுவே ஒரு கொலை. லக்ஷ்மிகாந்தன் கொலை! 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன மஞ்சள் பத்திரிகைக்காரரைக் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். (அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில். இவர்களுக்கு அது வெளிநாட்டுக் கொலை!) பாகவதரும் கலைவாணரும் ஜெயிலுக்குப் போய், 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். குத்தியது யார்? இன்றுவரை தெரியாது.

"அந்தக் கத்தி மட்டும் கிடைக்கட்டும், டி.என்.ஏ. ஆளைச் சொல்லிடும். கலிபோர்னியாவுல பழைய கொலைகாரனை, 2018-ல சொந்தக்காரங்க டி.என்.ஏ.வை வெச்சே பிடிச்சாங்களே!" என்றார் சுண்டல்காரர்.

சும்மா இருந்திருக்கலாம். பி.காம். புத்தி, கணக்கு டேலி ஆகாவிட்டால் பொறுக்காது.

"அங்கே தடயத்தைப் பத்திரமா வெச்சிருந்தாங்க ஐயா. ஜெஃப்ரீஸ் இதைக் கண்டுபிடிச்சதே 1984-ல. 44-ல கத்தியை எத்தனை பேர் தொட்டாங்களோ! அப்படியே கிடைச்சாலும், குத்தினவனைத்தானே காட்டும்? பாகவதர் மேல இருந்தது சதி வழக்கு. சதி பண்ணினது யாருன்னு ரத்தம் சொல்லாதே!"

அதுவரை பேசாதிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஹைகோர்ட் விட்டுச்சு தம்பி, ஊர் விடலையே. காசு போச்சு, மார்க்கெட் போச்சு, 1959-ல ஆளும் போயிட்டார். உண்மையாக் குத்தினவன் தெரிஞ்சா, இவர் பேரை இழுக்க மாட்டாங்கல்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. கலங்கரை விளக்கம் எரிய ஆரம்பித்தது.

"சரி, அந்த ரிக்‌ஷாக்காரன் சாட்சி..." என்று சுண்டல்காரர் மறுபடி தொடங்கினார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.