திருவதரி யாத்திரைக்கு ஏற்ற உடைகள்

வைகாசியில் பத்ரிநாத் செல்லும் அடியார்கள் ஒரே பயணத்தில் கோடையையும் குளிரையும் கடக்கிறார்கள். ஹரித்துவாரில் வெயில் 40 டிகிரியை நெருங்கும். அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால், 3,100 மீட்டர் உயரத்தில், பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த திருவதரியில் இரவுக் குளிர் எலும்பைத் துளைக்கும்.

ஆதலால் கனமான கோட்டு ஒன்றைச் சுமப்பதைவிட, மெல்லிய ஆடைகளை அடுக்கடுக்காக அணிவதே உசிதம். உள்ளே பனியன், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி. கீழே இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் களைந்துவிடலாம். நனைந்த பருத்தி உடற்சூட்டைப் பறித்துவிடும்; கம்பளியோ ஈரத்திலும் ஓரளவு சூட்டைக் காக்கும். நல்லதொரு கம்பளிச் சால்வை வண்டியில் போர்வையாகும். சந்நிதியில் மேலாடையாகவும் அழகுறப் பொருந்தும்.

தப்தகுண்டத்தின் வெந்நீரில் நீராடிக் கரையேறியவுடன் குளிர்காற்று தாக்கும். ஈர உடையுடன் தரிசன வரிசையில் நிற்பது முதியோருக்கு ஆபத்து. உலர்ந்த வேஷ்டி அல்லது புடவை, துண்டு, குல்லாய், காலுறை ஆகியவற்றைத் தனிப் பையில் இட்டு, உடன் வருபவரிடம் கரையிலேயே கொடுத்து வைத்தல் நலம்.

பத்ரிநாராயணன் திருமுன் நடுக்கமின்றி நின்று சேவிப்பதற்கே இத்தனை ஏற்பாடும்.