கூடுவிட்டுக் கூடு

சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடந்தான். அவனைச் சூழ்ந்து நின்று கதறிய பசுக்களின் துயர் பொறாத யோகியார் ஒருவர், தம் உடலை ஒருபால் வைத்துவிட்டு அவன் உடலிற் புகுந்தார், திருமூலர் ஆனார். இளமையில் பாட்டியார் சொல்லக் கேட்ட வரலாறு இது. கூடுவிட்டுக் கூடு பாய்தல் சித்தர்க்கே கைகூடும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். எழுபதைக் கடந்த வயதில், தில்லி மயூர் விகாரில், நம் வீட்டு உணவு மேசையின் மேலேயே அது நிகழக் கண்டோம். அதைச் செய்து காட்டியவள் பதினோராம் வகுப்பில் பயிலும் நம் பேத்தி.

நாம் 1972-ஆம் ஆண்டு நடுவணரசுப் பணியேற்றுக் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் தலைநகர் வந்து சேர்ந்தோம். தகரப் பெட்டி ஒன்றும் மைப்பேனா ஒன்றுமே அன்று நம் உடைமை. கோப்பும் குறிப்பும் எழுதியே முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தன. கணினியின்பால் நமக்கு ஆர்வம் பிறக்கவில்லை. நம் துணைவியாருக்கே பிறந்தது. ஐம்பது வயதுக்கு மேல் அவர் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டு, பிற்பகல் தோறும் தட்டச்சு செய்யத் தொடங்கினார். கரோல்பாகில் நல்லெண்ணெய் தேடி அலைந்த கதை, மே மாத வெயிலில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்த பக்குவம், ஊரிலுள்ள தமக்கையாருக்கு வரைந்த மடல்கள் என அவர் எழுதியவை பலவாகும். முதலில் மேசைக் கணினியில் இருந்த அவையெல்லாம் 2014-இல் வாங்கிய மடிக்கணினிக்குக் குடிபெயர்ந்தன. 2019-இல் அவர் மறைந்தார். அதன்பின் அக்கணினியை நாம் திறப்பது அரிதாயிற்று. எழுத்துக்கள் அங்கே இருக்கின்றன என்பதே நமக்குப் போதிய ஆறுதலாக இருந்தது.

சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் அதைத் திறந்தோம். மின்கலம் என்றோ செயலிழந்திருந்தமையால், சுவரிலிருந்து வரும் மின்சாரத்தையே அது நம்பியிருந்தது. திறந்த சிறிது நேரத்தில், இயங்குதளம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வேலையில் இறங்கிற்று. அந்நேரம் பார்த்துத் தெருவில் மின்சாரம் நின்றது. மீண்டும் வந்தபோது திரையில் கருமை ஒன்றே எஞ்சியது. நேரு பிளேஸ் அங்காடிக்கு எடுத்துச் சென்றோம். அங்கே ஒரு கடையில் இருந்த இளைஞர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், பழையது போனது போனதுதான்" என்று இந்தியில் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கலானார். கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

பழைய மேசைக் கணினியோடு வந்த குறுந்தகடு ஒன்று அலமாரியில் இருந்தது நினைவுக்கு வந்தது. பெரும் புதையல் கண்டவரைப்போல் அதைத் தூசி தட்டிக் கொணர்ந்தோம். பேத்தி சிரித்தாள். "தாத்தா, இதுல சிடி போட இடமே இல்லையே!" உண்மைதான். நான்கு பக்கமும் தடவிப் பார்த்தோம். தகடு செருகும் வாயே இல்லை. 2008-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மாக்புக் ஏர் தகட்டுப் பேழையை உள்ளே வைக்காமல் வெளிவந்தது. மெலிவை விரும்பிய பிற கணினிகளும் பின்னர் அவ்வழியே சென்றன. வாயில்லாப் பிள்ளைக்குச் சோறூட்டுவது எங்ஙனம் என்று மலைத்தோம்.

"பென்டிரைவ் போதும் தாத்தா" என்றாள் அவள். தன் கணினியில் டெபியன் என்னும் இயங்குதளத்தை இறக்கினாள். ஹெல்சின்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கருவின் மீது, 1993-இல் தொடங்கி உலகெங்கணுமுள்ள தன்னார்வலர்கள் கட்டியெழுப்பியது அது. விலை கிடையாது. நம் நாட்டு சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் இயங்குதளமும் டெபியனை அடியொற்றியதே.

இறக்கிய கோப்பை அவள் பென்டிரைவில் நகலெடுத்துச் செருகினாள். கணினி அசையவில்லை. நம் முகம் வாடக் கண்டு சற்று ஆராய்ந்தாள், தவறு புலப்பட்டது. அக்கோப்பு ஒரு தகட்டின் முழு வார்ப்பு. அதை மற்றக் கோப்புகளைப்போல் நகலெடுத்தால், ஒட்டிய உறைக்குள் கிடக்கும் கடிதம் போலாகிவிடும். உறையைப் பிரித்து, தகட்டில் எது எவ்விடத்தில் இருக்க வேண்டுமோ அது அவ்விடத்திலேயே பென்டிரைவில் அமையுமாறு எழுத வேண்டும். அப்போதுதான், கண்விழிக்கும் கணினி தான் வழக்கமாக நோக்கும் இடத்தில் தன்னை இயக்குவதைக் காணும். அவ்வாறு எழுதுவதற்கென்று தனி மென்பொருள் உண்டு. அது பென்டிரைவில் முன்பிருந்ததை அழித்துவிடும் ஆதலின், அதிலிருந்த திருமணப் படங்களை முதலில் வேறிடம் சேர்த்தாள். இறக்கியது பழுதின்றி வந்ததா என்று அறிய, வெளியிட்டோர் தந்த அறுபத்து நான்கு எழுத்துச் சரிபார்ப்புக் குறியீட்டைத் தன் கணினி கணித்துத் தந்த குறியீட்டோடு ஒப்பிட்டாள். அவள் படிக்க, நாம் விரல் வைத்து ஒத்துப் பார்த்தோம். எழுத்தெண்ணிப் படித்தல் என்று புலவர்கள் சொல்வது இதுதான் போலும்!

அடுத்து, கணினியை இயக்கிய அக்கணமே எஃப்12 விசையை அழுத்தினாள். விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். சிலவற்றில் எஸ்கேப். எதிலிருந்து தொடங்குவது என்று கணினி கேட்க, பென்டிரைவைச் சுட்டினாள். திரை ஒளிர்ந்தது. அவள் அப்போதே நிறுவிவிடவில்லை என்பதை வாசகர்கள் குறிக்கொள்ள வேண்டுகிறோம். வன்தட்டைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே நினைவகத்தில் இயங்கும் முறை ஒன்றுண்டு. அதையே முதலில் தேர்ந்தாள். பழைய இயங்குதளம் மாண்டிருந்தாலும் வன்தட்டு மாளவில்லை. அதனுள் துணைவியாரின் கோப்புறை அப்படியே இருந்தது. போனது போனதுதான் என்று கேட்டுத் திரும்பிய நமக்குக் கண் பனித்தது. கோப்புகள் யாவற்றையும் வேறொரு வன்தட்டில் படியெடுத்து, அவை அங்கே திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே, நிறுவும் பணியைத் தொடங்கினாள்.

மொழிப் பட்டியல் தோன்றிற்று. பேத்தி தில்லியிலேயே பிறந்தவள்; தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆங்கிலத்தையே தேர்வாள் என்றிருந்தோம். அவளோ பட்டியலில் இறங்கித் 'தமிழ்' என்னும் சொல்லில் நின்றாள். "பாட்டியோட லாப்டாப்தானே தாத்தா, தமிழ்லயே போடலாம்" என்றாள். பயனர் பெயர், கடவுச்சொல் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள்; நாம் பொருள் சொன்னோம். வன்தட்டில் உள்ளவை அழியும் என்ற எச்சரிக்கை வந்தபோது அவள் கை தயங்கி நம்மை நோக்கிற்று. படியெடுத்ததை மீண்டுமொருமுறை திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு, தலையசைத்தோம். ஒரு மணி நேரத்திற்குள் உயிர் புதுக்கூட்டிற் புகுந்தது.

ஆயினும் ஒரு சோதனை எஞ்சியிருந்தது. கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை. தலையில் கோடும் புள்ளியும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துக்கள் மட்டும் வரிவரியாக நின்றன. துணைவியார் பயன்படுத்தியது, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வழக்குக்கு வந்த குறியேற்றம். அதற்குரிய எழுத்துரு பழைய இயங்குதளத்தோடு போயிற்று. இன்று வழங்குவது யூனிகோடு. தமிழக அரசும் 2010-இல் அதனை ஏற்றது. பழைய முறையில் எழுத்துக்கள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே பதிவாகும். 'கெ' என்பதில் கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கும். யூனிகோடிலோ ககரம் முன்னே, எகரக் குறி பின்னே. மெய்யை அடுத்து உயிர் வந்து கூடுவதே உயிர்மெய் என்று நாம் திண்ணைப் பள்ளியில் கற்ற முறைக்கு இது நெருங்கியது. இரண்டையும் அறிந்து மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் இட, கொச்சையாய்க் கிடந்த வரிகள் கண்முன்னே தமிழாயின.

அன்றிரவு பேத்தி படித்தாள், நாம் கேட்டிருந்தோம். பாட்டி தன்னை எழுதியிருக்கிறாள் என்று கண்டு வியந்தாள். அவள் பிறந்த விடியலில் மருத்துவமனை வாயிலைப் பனிமூட்டம் மறைத்ததையும், வாடகைக் கார் ஓட்டி வந்த சர்தார்ஜி கூலி வாங்க மறுத்ததையும் துணைவியார் எழுதிவைத்திருந்தார். நாம் மறந்தே போன செய்தி அது. கடைசிக் கோப்பு வடாம் மாவு பற்றியது. மாவைக் கிளறி இறக்குமிடத்தில், வாக்கியம் முடியாமலே நின்றிருந்தது.

"அப்புறம் என்ன தாத்தா?" என்று கேட்டாள். அப்புறம் என்ன என்பதை நாம் அறிவோம். ஆண்டுதோறும் மாடியில் துணி விரித்தவர் நாமல்லவா? நாம் சொல்லச் சொல்ல, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அவள் தட்டினாள். நான்கு வரி முடிய நள்ளிரவு ஆயிற்று.