ஓசை நிற்கும் இடம்

லேக் கார்டன்ஸிலிருந்து பஜ்பஜ் ரயிலேறினால் ஹூக்ளிக்கரை. அங்கே ஒரு படகின் சுழலித்தண்டு முனகிக்கொண்டிருந்தது. என் அதிர்வுமானி ஓசையின் அளவைச் சொன்னது; பிறப்பிடத்தைச் சொல்லவில்லை.

முதிய மிஸ்திரி எஞ்சினின் வேகத்தைக் குறைக்காமல் கியரை மட்டும் நியூட்ரலுக்கு மாற்றினார். முனகல் நின்றது. “கோளாறு எஞ்சினில் இல்லை, தண்டில்” என்றார்.

கரையேற்றிப் பார்த்தோம். தண்டைக் கையால் அசைத்தபோது ஆடியது. 1854இல் ஜான் பென் கப்பல் தண்டுகளுக்கு மரத்தாங்கி அமைத்த நாள்தொட்டு, இவ்வகைத் தாங்கிகளுக்கு நீரே மசகு. இங்கிருந்த ரப்பர்த் தாங்கியையோ அந்நீரில் வந்த வண்டல்மணலே அரைத்துத் தேய்த்திருந்தது. புதியதைப் பொருத்தி, தண்டை எஞ்சினோடு நேர்ப்படுத்தியதும் முனகல் அடங்கியது.

ஓசை எப்போது எழுகிறது என்று மூன்றாண்டுகளாக அளந்து ஆய்வேடு எழுதினேன். எப்போது நிற்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. இரண்டாம் இயலை மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.