பின்கதவில் இரண்டு, உள்ளே இரண்டு

மே 10, சிட்லபாக்கம்

லீவுக்குத் தனுஷ்கோடி என்றும், சைக்கிளும் கூட வரும் என்றும் வீட்டில் முடிவாகிவிட்டது. அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். கொடைக்கானல் ஏரியைச் சுற்ற அது போதும், கரையோரம் வாடகைச் சைக்கிள் வரிசையாக நிற்கும். ஆனால் எட்டு வயதுப் பையனுக்குக் கால் எட்டுகிற, பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிற வண்டி போகிற இடத்தில் கிடைக்கும் என்று நம்பி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக எனக்கு மனசு வரவில்லை. கடற்காற்றில் ஓட்டப்போகிற பிள்ளைக்குப் பழகிய வண்டிதான் வேண்டும்.

எங்களுடையது ஃபோர்ஸ் கூர்க்கா, ஐந்து கதவு வண்டி. 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்ற நிலையைப் பார்த்ததிலிருந்தே உயரமான வண்டி ஒன்று வேண்டும் என்று இருந்தது. ஃபோர்-வீல் டிரைவ் அதோடு வந்தது. சைக்கிள் ஏற்ற அது உதவாது. ஸ்டெப்னி பின்கதவில் இருப்பதுதான் உதவும்.

கூரையில் ஏற்றும் யோசனையை இன்றே கைவிட்டோம். வண்டியே ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. மேலே சைக்கிளை நிமிர்த்தி வைத்தால் பத்தரை அடியைத் தாண்டும். எங்கள் தெருவில் கேபிள் ஒயர்கள் தாழ்ந்து தொங்குகின்றன, வேப்பங்கிளைகள் வேறு. ரயில்வே சப்வே முகப்பில் குறுக்கே நிற்கும் இரும்புச் சட்டத்தை ஓட்டுகிறவன் மறந்துவிட்டால் சைக்கிளும் போகும், கூரையும் போகும். அதோடு பதினைந்து கிலோ சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி வைப்பது தினமும் செய்கிற காரியமில்லை.

மே 12

ஸ்டெப்னி மேல் உட்காரும் கேரியர் வந்துவிட்டது. இரண்டு கைகள் வெளியே நீளும், அவற்றில் சைக்கிளின் மேல்பார் உட்காரும். இந்த வகைக் கேரியர்கள் பெரும்பாலும் இரண்டு சைக்கிளுக்கே. மூன்றாவதையும் மாட்டிப் பார்க்கும் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அந்த எடை முழுவதையும் தாங்குவது பக்கவாட்டில் திறக்கும் கதவின் கீல்கள். ஸ்டெப்னியின் எடையை அவை ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்கின்றன. மேடுபள்ளத்தில் அத்தனையும் குதிக்கும்போது என்ன ஆகும் என்று கதவைத் திறந்து கையால் ஆட்டிப் பார்த்தாலே தெரியும்.

அதனால் கியர் சைக்கிள்கள் இரண்டும் வெளியே, மகளின் லேடிபேர்டும் பையனின் குட்டி வண்டியும் உள்ளே. லேடிபேர்டுக்கு மேல்பார் கிடையாது, கேரியரில் அப்படியே தொங்காது. மூன்றாம் வரிசையில் இந்த முறை யாரும் உட்காரப்போவதில்லை. முன்சக்கரங்களைக் கழற்றி, செயின் இருக்கிற பக்கம் மேலே வரும்படி படுக்கவைத்து, நடுவில் பழைய போர்வை.

சாயங்காலம் மாட்டிவிட்டுத் தெருவில் இருபது அடி தள்ளி நின்று பார்த்தேன். பின்னால் வருகிற லாரி டிரைவரின் கண்ணில் என்ன படும் என்பதுதான் கணக்கு. ஒரு பக்கத்துச் சிவப்பு விளக்கைச் சக்கரம் மறைத்தது. பிரிட்டனில் நம்பரும் விளக்கும் மறைந்தால், அவற்றைத் தாங்கிய தனிப் பலகை ஒன்றைச் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கெல்லாம் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், ஒவ்வொன்றிலும் லேசரில் பொறித்த தனி எண். கடையில் இன்னொன்று அடித்து மாட்டிக்கொள்ள முடியாது. நம்பரும் விளக்குகளும் வெளியே தெரிகிற மாதிரி சைக்கிள்தான் இடம் மாற வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டியதும் இரண்டு விளக்கும் தெரிந்தன, சைக்கிள் வண்டியின் அகலத்துக்குள்ளும் அடங்கிவிட்டது. அகலத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவில் இருபதாயிரம் ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், ஜி.எஸ்.டி. சாலையில் நமக்குப் பக்கத்தில் உரசிக்கொண்டு வருகிற பைக்காரரின் முழங்காலை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மே 14

மெயின் ரோட்டு சைக்கிள் கடைக்காரரை வீட்டுக்கு அழைத்துக் காட்டினேன். முப்பது வருஷமாகச் சைக்கிளைக் கழற்றி மாட்டுகிற கை. சுற்றிவந்து பார்த்துவிட்டு, “டயர்ல கட்டாதீங்க சார். டயர் சுத்தும், கட்டு தளரும். பிரேம்ல கட்டுங்க, பிறகு ரெண்டு வண்டியையும் ஒண்ணா சேர்த்து ஒரு கட்டு” என்றார். பழைய டியூபை நீளவாக்கில் கீறி, மேல்பார் கேரியரில் உட்காரும் இடத்தில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

டியூப் ரப்பர் பெயிண்டைக் காப்பாற்றும், ஆனால் பாரத்தை அதை நம்பி விடக் கூடாது. வெயிலில் இளகி நீளும். பாரத்துக்கு லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ரேச்சட் பெல்ட்தான். பட்டையான அந்த பெல்ட்டை நேராக இழுத்துக் கட்டினால் வேகத்தில் காற்று பட்டு வழியெல்லாம் ரீங்காரம் போடும். ஒரே ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் சத்தம் அடங்கிவிடும்.

மே 20, கீரனூர்

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். வேகம் எண்பதுக்கு மேல் இல்லை. விக்கிரவாண்டியில் காபி. நிறுத்திய இடமெல்லாம் நான் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் பெல்ட்டை இழுத்துப் பார்த்தோம். முதல் ஒரு மணி நேரத்தில்தான் கட்டு அதிகமாகத் தளர்கிறது. சைக்கிள் தன் இடத்தைத் தேடி உட்கார்ந்த பிறகு அப்படியே நிற்கிறது.

திருச்சி தாண்டி, புதுக்கோட்டை சாலையில் கீரனூர். அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியின் பின்னால் வந்து இரண்டு சைக்கிளையும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான், “வாங்க மாப்பிள்ளை” என்றார்.

அவர் அப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். 1991-92-இல் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் விவசாயக் கூலிகளும் அங்கன்வாடி ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குக் காத்திருக்காமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் பழகியவர்கள் பலர். பாரில் பிள்ளையை உட்காரவைத்து, பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள். அத்தை அதில் ஒருவர். இன்று சாப்பிடும்போது பேத்தியிடம் சொன்னார்: “பஸ்ஸு வர்ற நேரத்துக்கு நான் போகணும்னு இருந்துச்சு. அப்புறம் நான் போறதுதான் நேரம்னு ஆச்சு.”

நாளைக்கு எங்களோடு வருகிறார். லேடிபேர்டை நாங்கள் தூக்கிக்கொண்டு வந்ததற்கு உண்மையான காரணமே அவர்தான்.

மே 21, ராமேஸ்வரம்

மண்டபம் வரும்போதே காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நெருக்கியடித்து நிற்கின்றன. 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் ஏறியதும் தென்மேற்கிலிருந்து அடித்த காற்றில் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். இந்த இடத்தில் காற்று விளையாட்டில்லை. பக்கத்துப் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். கூரையில் நான்கு சைக்கிளை நிமிர்த்தி வைத்துக்கொண்டு இதைக் கடப்பதை நினைக்கவே வேண்டாம். பின்னால் மாட்டியவற்றை வண்டியே காற்றிலிருந்து மறைத்துக்கொண்டு வந்தது.

2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய ரயில் பாலத்தில் தாம்பரத்திலிருந்தே ராமேஸ்வரத்துக்கு ரயில் வருகிறது. நான்கு பேரும் நான்கு சைக்கிளும் இல்லாமல், ஒருவரும் ஒரு சைக்கிளுமாக இருந்தால் நான் பார்சல் ஆபீஸில் சைக்கிளைப் பதிந்துவிட்டு அதில்தான் வந்திருப்பேன்.

மே 22, தனுஷ்கோடி

வெயிலுக்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தில் இறக்கினோம். சக்கரம் மாட்டி, பிரேக் பார்த்து, காற்றடித்து முடிக்க அரை மணி. அங்கிருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டர். 2017 ஜூலையில் இந்தச் சாலை திறக்கும்வரை ஃபோர்-வீல் வேன்களும் ஜீப்புகளும்தான் மணலில் உருண்டு அங்கே போய்வந்தன. இப்போது நல்ல தார்ச்சாலை. கூர்க்காவை அங்கேயே நிறுத்தினேன். மணலில் இறக்கி ஓட்டிக் காட்ட ஆசைப்படுகிற வண்டிகளைப் பார்க்கிறேன், அது வேண்டாத வேலை. ஆமை முட்டையிடும் கரை இது. 2025-இல் இங்கே பூநாரைகளுக்குச் சரணாலயமும் அறிவித்திருக்கிறார்கள்.

வலப்பக்கம் மன்னார் வளைகுடா பொங்கிக்கொண்டிருந்தது, இடப்பக்கம் பாக் நீரிணை குளம் போலக் கிடந்தது. மணல் சாலையின் குறுக்கே மெல்லிய கோடுகளாக ஓடியது. காற்று வலமிருந்து தள்ளியதால் பையன் ஹேண்டிலைக் காற்றுப் பக்கம் சாய்த்துக்கொண்டே மிதித்தான். ஒருவரும் சொல்லித்தரவில்லை. அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, லேடிபேர்டில் எல்லோருக்கும் முன்னால் போனார். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயச் சுவரருகே இறங்கித் தண்ணீர் குடித்தோம். காரில் வந்தால் இந்தச் சுவரைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவோம். சைக்கிளில் வந்ததால் அது தூரத்தில் தெரிய ஆரம்பித்து, மெல்ல மெல்லப் பெரிதாகிப் பக்கத்தில் வந்தது. பிள்ளைகள் வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்கள். புயலில் கடல் அடித்துக்கொண்டு போன அந்த ரயில் எங்கே போயிற்று, ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள் என்று.

எட்டரைக்கு மேல் வேன்கள் வர ஆரம்பித்தன. ஹாரன் அடித்துக்கொண்டு பையனின் தோளை ஒட்டிப் போனவை உண்டு. மாலையில் வண்டிகளை இந்தச் சாலையில் தடுக்க ஏற்பாடு இருக்கிறதே, விடிந்து இரண்டு மணி நேரம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று ஒதுக்கினால் என்ன? ஒன்பதரை கிலோமீட்டர், ஏற்றமில்லை, சிக்னல் இல்லை, இரண்டு பக்கமும் கடல். தமிழ்நாட்டில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல சாலையை நான் பார்த்ததில்லை.

மே 25, சிட்லபாக்கம்

உப்பு காத்திருக்காது. வந்த மறுநாளே நான்கையும் நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துணியால் துடைத்து, காயவிட்டு எண்ணெய் போட்டோம். ஈரத்தோடு எண்ணெய் விட்டால் உப்பை உள்ளேயே பூட்டிவைப்பது மாதிரி. கேரியரின் போல்ட்டுகளையும் கழற்றிக் கழுவினேன். பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன், தொய்வில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் அடுத்த வாரம் ஏற்காடு போகிறாராம், கேரியரைக் கேட்டார். அவருடைய வண்டிக்கும் ஸ்டெப்னி பின்னால்தான். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, இரண்டு சைக்கிளுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி, பெல்ட்டுகளையும் டியூப் துண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தேன். வண்டலூர் தாண்டுவதற்குள் ஒருமுறை நிறுத்தி பெல்ட்டை இறுக்கச் சொல்லியிருக்கிறேன்.