நான்கு சிமிட்டல்

பால் திரிந்தால் கெட்டுப்போச்சு. எந்திரம் ஓடாவிட்டால் கெட்டுப்போச்சு. ஒரு பெண் தன் இஷ்டப்படி நடந்தால் அவளும் கெட்டுப்போயிட்டா. தமிழ் கற்பிப்பவள் என்பதால் இந்த வினைச்சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதில் தீர்ப்பு இருக்கிறது, விசாரணை இல்லை.

சேரங்கோட்டில் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு படிப்பறை வைத்திருக்கிறோம். அங்கே சீட்டுக்கட்டு அளவில் ஒரு ராஸ்பெர்ரி பை 4 இருக்கிறது. ஒற்றைப் பலகைக் கணினி. திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. கரண்ட் கொடுத்தால் தானே ஒரு வைஃபையை எழுப்பும். வீட்டுப் போனில் கிவிக்ஸ் வழியே தமிழ் விக்கிப்பீடியா இணையமில்லாமலே திறக்கும். மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் உண்டு. மழை மாதங்களில் சிக்னல் வந்து வந்து போகிற ஊருக்கு இது பெரிய வசதி.

அதே கணினியில்தான் பிள்ளைகள் பதிவு செய்த பாட்டுகளும் இருந்தன. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தப் பக்கம் வந்த குடும்பங்கள் எங்களுடையவை. கிழவிகள் அங்கிருந்து கொண்டுவந்த தாலாட்டும் ஒப்பாரியும் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை நகல் எடுப்போம். நகல் எடுக்கும் நாள் வருவதற்குள் ஒரு ஆடி மாதத்தில் கணினி கிளம்ப மறுத்தது. அந்த மாதம் பாடியவர்களில் ஒருவர் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

"பூட்டு ஆகல டீச்சர்" என்றாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. பூட் என்பதை அவள் பூட்டாக்கியது எனக்குப் பிடித்திருந்தது. திருத்தவில்லை.

பஸ் ஏறிக் கூடலூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதை மின்சாரத்தில் செருகிக்கூடப் பார்க்கவில்லை. "போர்டு போயிருக்கும் மேடம். வீட்டுல சார் இருந்தா வரச்சொல்லுங்க, வெளங்கச் சொல்றேன்." முனைவர் பட்டம் வாங்கி நாளாகிவிட்டது. இன்னும் எனக்கு விளங்கவைக்க ஒரு சார் வேண்டியிருக்கிறது.

திரும்பி வந்து நாங்களே உட்கார்ந்தோம். திரையில்லாத கணினிக்கு இரண்டு விளக்குகள்தான் வாய். சிவப்பு, மின்சாரத்துக்கு. இந்தப் பலகைக்கு 5.1 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். பழைய போன் சார்ஜரையும் மெல்லிய நீள ஒயரையும் மாட்டினால் வழியிலேயே அழுத்தம் குறையும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். எங்களுடையது நிலையாக எரிந்தது. அப்படியானால் குறை மின்சாரத்தில் இல்லை.

பச்சை விளக்கு சிமிட்டியது. நின்றது. மறுபடி சிமிட்டியது. "நாலு டீச்சர், ஒவ்வொரு தடவையும் நாலு." அந்தப் பிள்ளைதான் எண்ணினாள். நான்கு என்றால் தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை. ஏழு என்றால் கர்னல் கிடைக்கவில்லை. இந்த மாடலில் முதல் கட்டளைகள் அட்டையில் இல்லை, பலகையிலேயே ஒரு சில்லில் இருக்கின்றன. செத்த பலகைக்கு நான்கு வரை எண்ணத் தெரியாது. அது உயிரோடு இருந்துகொண்டு, அட்டையில் தேடியது இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மெமரி கார்டை எடுத்துத் துடைத்துப் போட்டோம். அதே நான்கு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டில் கோப்புகள் சிதையும், எங்கள் ஊரில் கரண்ட் சொல்லிவிட்டுப் போவதில்லை. என் விண்டோஸ் மடிக்கணினியில் செருகியதும், இதை ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. லினக்ஸ் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததை அழித்துவிடலாமா என்று கேட்கிறது. அங்கே ஆம் என்று அழுத்தியிருந்தால் பாட்டுகள் போயிருக்கும். வேறொரு கார்டில் புதிதாக இயங்குதளத்தை எழுதி, அதைக்கொண்டு பலகையை எழுப்பினோம். பழைய கார்டை யுஎஸ்பி ரீடரில் மாட்டினோம். சிதைந்தது முன்பகுதி மட்டும்தான். பாட்டுகள் இருந்தன. அறையில் ஒப்பாரி கேட்டபோது பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அன்று அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். இந்தப் பலகையின் மூளை ஆர்ம் வகை. அந்த வகையின் கட்டளைத் தொகுதியை வடிவமைத்தவர் சோஃபி வில்சன், கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனத்தில், ஸ்டீவ் ஃபர்பரோடு சேர்ந்து. 1985 ஏப்ரலில் முதல் சில்லு வந்ததும் ஓடியது. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டர் வைத்தால் பூஜ்யம். பார்த்தால் சில்லுக்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. பக்கத்துச் சுற்றுகளிலிருந்து கசிந்ததிலேயே ஓடிக்கொண்டிருந்தது. "எங்கம்மா மாதிரி" என்றாள் ஒருத்தி, சிரிக்காமல்.

1946இல் அமெரிக்காவில் எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களையும் சொன்னேன். கையில் வரைபடங்களை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கற்றவர்கள். ஏறத்தாழ 18,000 வால்வுகளில் எது பழுது என்பதுவரை தேடிக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள். அறிமுக விழாவின் விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை.

என் அம்மா கொழுந்து பறித்த காலத்தில், பேக்டரி ரோலரின் சத்தம் மாறினால் நிரையில் நின்றபடியே சொல்லிவிடுவாள்: "இன்னைக்கு நிக்கப் போவுது பாரு." பெரும்பாலும் நிற்கும். அவளிடம் யாரும் கேட்டதில்லை. பேக்டரி எந்திரம் ஆம்பளைங்க சமாச்சாரம்.

இப்போது இயங்குதளம் இருக்கும் கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டியிருக்கிறோம். பதிவுகள் தனிப் பென்டிரைவுக்குப் போகின்றன. ஒரு குறை தீரவில்லை. இந்தப் பலகையில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. இணையம் இல்லாததால் சரியான நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. ஒவ்வொரு முறையும் பழைய தேதியிலேயே விழித்துக்கொள்கிறது. அதனால் பிள்ளைகள் ஒரு நோட்டு போட்டிருக்கிறார்கள். தேதி, பாடியவர் பெயர், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர், கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, பச்சை எத்தனை முறை சிமிட்டியது.